எஸ்னாத் திருப்பிக் கொடுத்த பானை

என் அண்ணி எஸ்னாத்தின் சோளம் ஒரு வருடம்கூட லூசியாவின் சோளத்துக்குச் சமமாக வளர்ந்ததில்லை. எங்களிடம் மாடு இல்லை. லூசியாவின் கணவர் செபதேயுவிடம் எட்டு இருந்தன. அவருடைய நிலம் முழுக்க உழுது முடிந்த பிறகுதான் ஏர் எங்கள் பக்கம் இரவலாக வரும். அதற்குள் முதல் மழை போயிருக்கும். அவர்கள் சோளம் பூ விடும்போது எங்களுடையது முழங்கால் உயரம் நிற்கும். அண்ணி வரப்பில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

பொறாமையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் யாரும் ஏர்மாடு இரவல் கேட்டு நின்றவர்களாகத் தெரியவில்லை.

முட்டோகோ டவுனுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கிராமம் செபதேயுவின் வம்சத்தாருடையது. ஆற்றோர நிலம் அவர்களுக்கு. இரண்டு தலைமுறைக்கு முன் வந்து சேர்ந்த எங்களுக்குப் பாறை நிலம். செபதேயு வீட்டுச் சுவரில் வெள்ளை அரசாங்கம் கொடுத்த சிறந்த விவசாயி சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. லூசியா தன் பழைய கவுன்களை அண்ணிக்குக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் அவற்றில் ஒரு பச்சைக் கவுன் நுழைந்ததும் எல்லோருக்கும் முதலில் லூசியாதான் நினைவுக்கு வருவார். உடுத்தியிருப்பவரைப் பிறகுதான் பார்ப்பார்கள்.

எழுபத்தேழில் பையன்கள் மலைக்கு வந்தார்கள். விடுதலைப் போராளிகளை எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மூடப்பட்டது. கிராமத்தில் கமிட்டி அமைந்தது. சான்றிதழ்காரர், கடைக்காரர், என்னைப் போன்ற வாத்தியார் எல்லோரும் பின்வரிசைக்குப் போனோம். பாறை நிலத்துக்காரர்கள் முன்னே வந்தார்கள். பையன்களுக்குச் சாப்பாடு அனுப்பும் பொறுப்பு எஸ்னாத் அண்ணிக்கு வந்தது. எந்த வீட்டுக் கோழி, யார் களி கிண்டுவது, எல்லாம் அவர் சொல்தான்.

"தங்கச்சி, போன வாரம்தானே ரெண்டு கோழி குடுத்தேன்?" என்று லூசியா கேட்டார்.

"உங்க வீட்டுக் கோழிக்குத்தான் புரட்சி ருசி இருக்காம், அக்கா. நாளைக்கும் ரெண்டு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அண்ணி அன்று வீடுவரை பாடிக்கொண்டே வந்தார்.

அந்த மகிழ்ச்சி ஒரு மாதம்தான். தளபதி தோழர் சூறாவளி லூசியாவின் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "யார் வெச்சது? எங்கம்மா கை மாதிரியே இருக்கு. இனிமே கறி அவங்களே வைக்கட்டும்" என்றார். அண்ணி தலையாட்டினார். வழியில் என்னிடம், "பாத்தியா? போராட்டத்துக்கும் அவ பானைதான் இனிக்குது" என்றார்.

பையன்கள் வெண்டைக்காயைத் தொடமாட்டார்கள். சாமியாடி விதித்த விலக்கு அது. அந்தக் கொழகொழப்பு வயிற்றுக்குள் போனால் மூதாதையரின் காவல் வழுக்கி விழுந்துவிடும், குண்டு உடம்பைத் தேடி வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பக்கத்துக் கிராமத்தில் சாப்பாட்டில் வெண்டைக்காய் கலந்ததற்காக ஒருவரைத் துரோகி என்று அடித்தே கொன்றிருந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். அண்ணி லூசியாவின் மூன்று கால் இரும்புப் பானையை இரவல் வாங்கி, சமையல் சோடா போட்டுக் கொழகொழவென்று வெண்டைக்காய் வைத்தார். மாலையில் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் லூசியா அதில் கோழிக்குழம்பு வைத்தார். மதியம் லூசியா, அண்ணி, நான், இன்னும் சிலர் அதைச் சுமந்துகொண்டு மலையேறினோம்.

தோழர் சூறாவளி மூடியைத் தூக்கினார். விளிம்பின் மடிப்பிலிருந்து மெல்லிய நூல்போல ஒன்று நீண்டது. அவர் மூடியைத் தரையில் வைத்தார்.

"வெண்டைக்காய். பானை யாரோடது?"

"சான்றிதழ்காரி வீட்டுது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "புருஷன் அடிக்கடி டவுனுக்குப் போறது வெள்ளைக்காரன்கிட்ட இதைப் பேசத்தானா?" என்றது இன்னொன்று. நேற்றுவரை செபதேயுவின் மாட்டை இரவல் வாங்கிய குரல்கள்தான். ஒரு பையன் தடியை எடுத்தான்.

லூசியா அண்ணியை ஒருமுறை பார்த்தார். பிறகு முன்னே வந்தார்.

"என் பானைதான், தோழர். பிள்ளைங்களுக்கு வெண்டைக்காய் வெச்சேன். சரியாக் கழுவல. தப்பு என்னோடது."

அது அன்பா, கமிட்டிக்காரியைக் கைகாட்டினால் யாரும் நம்பமாட்டார்கள் என்ற கணக்கா? எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பார்த்தது அண்ணியின் முகத்தை. லூசியா பழைய கவுனை நீட்டும்போது வரும் அதே முகம்.

"பொய் சொல்றா!" என்று கத்தினார் அண்ணி. "வெண்டைக்காய் என்னோடது. பானையை வாங்கினது நான், கழுவினது நான். அதையும் தன்னோடதுன்னு சொல்ல இவ யாரு?"

"தப்பை ஏலம் விடறீங்களா ரெண்டு பேரும்?" என்றார் தளபதி. யாரும் சிரிக்கவில்லை.

அவர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எங்கள் வீட்டில் வெண்டைக்காய் தின்றதைச் சொன்னேன். அந்தப் பானை லூசியாவின் கையில் இருந்தவரை துரோகம். பாறை நிலத்துக்காரியின் கைக்கு வந்ததும் கவனக்குறைவு ஆகிவிட்டது. இருபது அடி கொடுத்து, பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டு அண்ணியை அனுப்பினார்கள். லூசியாவை யாரும் தொடவில்லை.

முதுகுக்கு மருந்திலை அரைத்துப் போட்டாள் என் மனைவி. நான் வாசலில் இருந்தபடியே சொன்னேன்.

"உங்களால ஒரு உயிர் பொழைச்சுது, அண்ணி."

"அவளுக்காகவா சொன்னேன்?" வலியில் பல்லைக் கடித்தார். "எனக்காக அடி வாங்கி, அதையும் அவ எனக்குத் தானமாக் குடுப்பா. அதையும் நான் வாங்கி உடுத்திக்கணுமா?"

நல்ல மனம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணியும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

போர் முடிந்த வருடம் முதல் மழைக்கு மறுநாள் காலை, செபதேயு மாடுகளை ஏரோடு எங்கள் நிலத்துக்குத்தான் முதலில் ஓட்டி வந்தார். லூசியாவும் பின்னால் வந்தார். அண்ணி வரப்பில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாட்டைத் திருப்புங்க. உங்க நிலம் முடியட்டும்."

"மழை போயிடும், எஸ்னாத்" என்றார் லூசியா. அன்று தங்கச்சி என்று சொல்லவில்லை.

"எப்பவும் போறதுதானே?"

அந்த வருடமும் எங்கள் சோளம் முழங்காலைத் தாண்டவில்லை. அண்ணி வரப்பில் நின்று பூ விட்ட ஆற்றோரச் சோளத்தைப் பார்த்து, யாருக்கும் கடன்படாத குரலில், மனதாரத் திட்டிக்கொண்டிருந்தார்.