கொரங்காட்டை உழுதவள்

பழனியாத்தாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். காங்கேயத்துக்குத் தெற்கே அந்தச் சிற்றூரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பஸ் கண்டக்டர் மீதிச் சில்லறை தராமல் இழுத்தடித்தால், இறங்குகிற வரைக்கும் அவனை ஒரு வழி பண்ணிவிடுவாள். ஆனால் அவளிடம் கொரங்காட்டைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவாள். அப்பேர்ப்பட்ட பேச்சுக்காரி வாயடைத்துப்போனது எப்படி என்று சொல்கிறேன்.

கொங்குப் பக்கத்தில் காடு என்றால் வனம் அல்ல, மானாவாரி நிலம். அதிலும் உழாமல், விதைக்காமல், மாடு மேய்வதற்கென்றே விட்டுவைக்கிற நிலத்துக்குத்தான் கொரங்காடு என்று பெயர். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வேலாமரங்கள். மேற்கே மலைகள் தடுத்து வைத்துக்கொண்டது போக மிச்சம் மீதி மழைதான் இந்தப் பூமிக்கு. ஆனாலும் இரண்டு தூறல் விழுந்தால் போதும், புல் தலைதூக்கிவிடும். கோடையில் அது காய்ந்து கருகினாலும் வேலாங்காய் பழுத்து உதிரும். மாடு அதைப் பொறுக்கித் தின்றே சித்திரை வைகாசியைத் தாண்டிவிடும்.

பழனியாத்தாள் கல்யாணமாகி வந்தபோது அவள் அப்பன் சீராக ஒரு கிடாரிக் கன்றை ஓட்டிவிட்டார். அதன் வழியில் வந்தவள்தான் மயிலை. கொம்பும் திமிலுமாகப் பார்க்கவே ராசாத்தி மாதிரி இருப்பாள். பழனியாத்தாளுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக மயிலையைப் பிள்ளை என்றெல்லாம் அவள் கொஞ்சியதில்லை. "அடி கழுத முண்ட, இங்க வாடி" என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் மறுபேச்சில்லாமல் வரும்.

மயிலை ஈன்ற காளைக்கன்றுகளைச் சந்தையில் விற்பார்கள். விற்றாலும் கயிற்றை மட்டும் கொடுக்கமாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து மாட்டி ஓட்டிப்போக வேண்டும். கயிறு நம் கட்டுத்தறியில் இருந்தால்தான் அந்த முளைக்கு இன்னொரு மாடு வந்து சேரும் என்பது அந்தச் சீமையின் வழக்கம். பழனியாத்தாள் இதில் படு கறார். ஒருதரம் அவள் புருசன் அரங்கசாமி ஞாபகமில்லாமல் கயிற்றோடு கன்றைக் கொடுத்துவிட்டு வந்ததற்கு, மனுசனைச் சந்தைக்கே திருப்பி விரட்டி வாங்கிவரச் செய்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தொண்ணூற்று மூன்றில் ஐப்பசி கார்த்திகை மழை கொட்டித் தீர்த்ததே, அங்கே பிடித்தது சனி. மழை பெய்ததைச் சனி என்கிறேனே என்று பார்க்காதீர்கள். ஒரு வருசம் நன்றாகப் பெய்தால் இனி எல்லா வருசமும் இப்படித்தான் என்று நம்பிவிடுகிற புத்தி நமக்கு உண்டு. பக்கத்துக் காட்டுப் பொங்கியண்ணன் போர் போட்டார். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தென்னம்பிள்ளைகளை வரிசையாக நட்டார். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்துப் பழனியாத்தாளுக்குத் தூக்கம் போயிற்று.

"ஏனுங்க மாமா, நம்ம கொரங்காடு சும்மா கெடக்குதுங்க."

"மாடு மேயுதல்ல புள்ள."

"அது மேயும், நீங்க டீக்கடைல பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. காடும் நீங்களும் ஒண்ணு, ரெண்டும் சும்மா."

அரங்கசாமி எதிர்த்துப் பேசத் தெரியாதவர். "எங்கப்பாரு அதுல ஏரே வெச்சதில்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். "உங்கப்பாரு காலத்துல போர் இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்.

தென்னை நடுவதற்காக வேலாமரங்களை வெட்ட யூனுஸ் வந்தார். காங்கேயத்து விறகு வியாபாரி. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் தண்ணீர் கொதிக்கவைக்க விறகு எவ்வளவு போட்டாலும் பத்தாத காலம் அது. அவர் லாரி நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் மனுசர் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, வேலிப் படலோரம் நிக்கற ரெண்டு மரத்த மட்டும் உட்டுப்போடலாமுங்க. மாட்டுக்கு நெழலாச்சும் ஆகும்."

"அந்த ரெண்டுல என்னங்க பாய் வந்துச்சு? தென்னை குடுக்காத நெழலையா இந்த முள்ளுமரம் குடுத்துரப்போவுது? வெட்டிப்போடுங்க."

வெட்டினார்கள். அடிக்கட்டையோடு வெட்டினார்கள். மறுநாள் டிராக்டர் இறங்கியது. வேலியோரமாக ஒரு கீற்று நிலத்தில் மட்டும் முள்ளுக்குப் பயந்து டிரைவர் வண்டியை விடவில்லை. அதற்கும் அவனுக்குக் காது கொடுத்துக் கேட்க முடியாத வசவு விழுந்தது. மரம் விற்ற காசு முழுக்கப் போருக்குள் போயிற்று. தண்ணீர் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். அன்று பழனியாத்தாள் சேலையோடு அந்தத் தண்ணீரில் நின்று நனைந்தாள். சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். ஊரே பார்த்தது. அந்த வாரமே அவளும் தென்னம்பிள்ளைகளை வரிசையாக நட்டாள்.

அதற்கடுத்த ஐப்பசியில் வானம் கறுத்தது, காற்று அடித்துக் கலைத்துவிட்டது. அதற்கடுத்த வருசம் கறுக்கக்கூட இல்லை. ஆடிக்காற்று மட்டும் தப்பாமல் வந்தது. முன்பெல்லாம் புல்வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது உழுத காடு அப்படியே எழும்பி வீட்டுக்குள் வந்தது. சோற்றில் மண் நறநறவென்றது. போரில் தண்ணீர் நூலாகி, சொட்டாகி, கடைசியில் மோட்டார் வெறும் காற்றைத்தான் இறைத்தது. இன்னும் ஆழம் போட்டுப் பார்த்தார்கள். வெள்ளைப் புழுதிதான் வந்தது. தென்னம்பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குருத்து சாய்ந்தன. பொங்கியண்ணன் தோப்பும் அப்படித்தான் மொட்டையாக நின்றது. எண்ணெய் மில்களின் தேங்காய்ப் பருப்புக் காயவைக்கும் களங்களில் ஆடு படுத்துக்கிடந்தது. ஊரில் பாதி ஆம்பிளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிவிட்டார்கள்.

பழனியாத்தாள் சும்மா இருந்துவிடவில்லை. வேறொருவர் கொரங்காட்டில் கெஞ்சிக் கேட்டுக் கொழுக்கட்டைப் புல் விதை வாங்கிவந்து தூவினாள். மழைக்குக் காத்திருந்த விதையை எறும்பு இழுத்துப்போயிற்று. மறுபடி தூவினாள். பங்குனியில், யாரும் கேட்காத நேரத்தில், ஒரே ஒரு பேய்மழை. விதையும் மேல்மண்ணும் ஓடையோடு போய்விட்டன.

ஒருநாள் அரங்கசாமி டீக்கடையிலிருந்து வந்து ஆறுதலாகச் சொன்னார்.

"ஏம்புள்ள, உலகமே சூடாகிட்டு வருதாமா. அதனாலதான் மழை காலம் மாறிப் பெய்யுதாமா. பேப்பர்ல போட்டிருக்கறான். நம்ம கையில என்ன இருக்குது?"

"உலகம் சூடாகறதுக்கு நானென்னங்க பண்ணமுடியும்? ஆனா அந்தச் சூட்டுல மாடு ஒதுங்கறதுக்கு ரெண்டு மரம் நின்னுச்சுங்க. அத வெட்டச் சொன்னது உலகமில்லீங்க, நானு."

அன்றுதான் அவள் முதல்தடவை அழுதாள். அரங்கசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துண்டை எடுத்து நீட்டினார்.

மயிலையை எப்படியாவது அடுத்த மழை வரை காப்பாற்றிவிட வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. தீவனத்துக்கு வாங்குகிற சோளத்தட்டு விலை ஏறிக்கொண்டே போயிற்று. தாலிக்கொடியில் கோத்திருந்த காசுகள் தட்டாக மாறி மாட்டின் வயிற்றுக்குள் போயின. வேலியோரக் கீற்றில் கிடந்த புல்லை மயிலை வேர் வரைக்கும் கரம்பிவிட்டு, கிளுவைத் தழைக்குத் தலையை நீட்டி மூக்கில் முள் குத்தி நின்றது. விலா எலும்பு வெளியே தெரிந்தது. அடிமாட்டு லாரிக்காரர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களை அவள் துடைப்பத்தோடு விரட்டினாள்.

ஆனால் எத்தனை நாளைக்கு விரட்டுவது? கடைசியில் அவளே யூனுஸுக்குச் சொல்லியனுப்பினாள். அவருக்கும் அப்போது பிழைப்பு படுத்துவிட்டது. வெட்டுவதற்கு எந்தக் காட்டில் மரம் மிச்சம்? இருந்தாலும் தேடி அலைந்து, சத்தியமங்கலம் பக்கம் வாய்க்கால் பாசனமுள்ள வேங்கடசாமி என்பவரைத் தன் காலி லாரியிலேயே கூட்டிவந்தார்.

"வளக்கறதுக்குத்தாங்க அக்கா. இவுங்க ஊட்டுல வரப்பெல்லாம் பச்சைப் புல்லுங்க. நானே கண்ணுல பாத்துட்டுத்தான் வந்தேன்."

வேங்கடசாமி நல்ல மனுசர். வழக்கம் தெரிந்தவர். புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார். பழைய கயிற்றை அவிழ்த்துப் பழனியாத்தாள் கையில் கொடுத்துவிட்டுப் புதியதை மாட்டி இழுத்தார். மயிலை அசையவில்லை. காலை ஊன்றிக்கொண்டது. தள்ளிப் பார்த்தார்கள். சோளத்தட்டைக் காட்டிப் பார்த்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கொங்கு மாடு அல்லவா, பிடிவாதம் குறையுமா? இழுத்த இழுப்பில் கால் மடங்கி, புழுதியில் விழுந்து, கண் மிரள எழுந்து நின்றது.

"இழுக்காதீங்க!" என்று பழனியாத்தாள் கத்தினாள்.

கையிலிருந்த பழைய கயிற்றை அதன் கழுத்தில் தானே மாட்டினாள். "வாடி கழுத முண்ட" என்றாள். மயிலை அவள் பின்னாலேயே நடந்து, பலகையில் ஏறி, லாரிக்குள் போய் நின்றது.

"அக்கா, கயித்த அவுத்துக்கலாமுங்க, ஏறிருச்சுல்ல" என்றார் யூனுஸ்.

"வேண்டாமுங்க பாய். எறக்கறப்ப மறுக்கா இப்பிடித்தான் நிக்கும். நீங்களும் இழுப்பீங்க, அது விழுந்துரும். கயிறும் போகட்டும்."

அரங்கசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் மழை வந்தது. ஆமாம், வந்தது! இரண்டு மாசம் முன்னால் வந்திருந்தால் என்ன என்று வானத்தைப் பார்த்து எனக்கே கேட்கத் தோன்றுகிறது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும். மழை விட்டுச் சில நாள் கழித்துப் பழனியாத்தாள் கொரங்காட்டுக்குப் போனாள். உழுத இடமெல்லாம் பார்த்தீனியச் செடி. டிராக்டர் போகாத அந்த வேலியோரக் கீற்றில் மட்டும் கொழுக்கட்டைப் புல் திமுதிமுவென்று கிளம்பியிருந்தது. மாடு கரம்பினாலும் வேர் சாகவில்லை. காடு முழுக்க அதைத்தான் அவள் பெயர்த்துப் போட்டிருந்தாள்.

பார்த்ததும் தன்னையறியாமல் குனிந்து, இடுப்பில் செருகியிருந்த அரிவாளால் அறுக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு கட்டுச் சேர்ந்தது. தலையில் வைத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்து கட்டுத்தறியில் இறக்கினாள். அப்புறம்தான் காலி முளை கண்ணில் பட்டது.

அரங்கசாமி பின்னால் வந்து நின்றார். புல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அழுவாத புள்ள. கயிறு போனாப் போவுது, கண்ணபுரத்துச் சந்தையில புதுசு வாங்கிக்கலாம். ஒரு கன்னும் வாங்கிக் கட்டலாம்."

"கயிறு விக்குதுங்க மாமா, கன்னும் விக்குதுங்க" என்றாள் அவள். "அத மேயுடறதுக்குக் காட்ட எந்தச் சந்தையிலீங்க வாங்கறது?"

அவள் புல்லைப் பிரித்து, மயிலைக்குப் போடுகிற மாதிரியே அடித்தாளில் ஒட்டிய மண்ணை உதறி உதறி, காலியாகக் கிடந்த தண்ணீர்த் தாழியருகில் போட்டாள்.