அறுபது வாட் பல்ப் அனுப்பிய செய்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் மின்சார வேலை பார்த்தவன். எங்காவது ஒரு விளக்கு தானாக எரிந்தால் கம்பி எங்கே தொடுகிறது என்று தேடுவேனே தவிர, கற்பூரம் கொளுத்த ஓட மாட்டேன். கோணேசர் கோயிலுக்குக்கூட மனைவி இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரியுங்கள், நானும் உங்கள் இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன்.

அறுபதுகளில் நடந்தது இது. அப்போது என்னிடம் அமெச்சூர் வானொலி லைசன்ஸ் இருந்தது. வீட்டிலேயே செய்த ஓர் ஒலிபரப்புச் செற், கூரைக்கு மேலே ஒரு நீளக் கம்பி, மேசையில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டுகிற கீ, அவ்வளவுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவில் கோதுமைப் பண்ணை வைத்திருக்கிற ஒருவரோடு வாரத்துக்கு ஒருதரமாவது கதைத்துவிடுவேன். இதில் ஒரு விசயம் உண்டு. மோர்ஸ் தட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு 'கை' இருக்கிறது, கையெழுத்துப் போல. பெயர் சொல்ல வேண்டியதே இல்லை, நாலு எழுத்து தட்டினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். எல்லோரும் கடைசியில் இரண்டு புள்ளி தட்டி விடைபெறுவார்கள், நான் மூன்று தட்டுவேன், ஏன் என்று எனக்கே தெரியாது, பழகிவிட்டது. அந்தப் பண்ணைக்காரர் அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி பண்ணுவார்.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். கனகு. தோப்பூர்க்காரன், டவுனில் ரேடியோ திருத்துகிற கடையில் வேலை, என் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். என் வயதுதான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மோர்ஸ் படித்தோம், ஒன்றாகத்தான் பரீட்சைக்குப் போனோம். நான் பாஸ் பண்ணினேன், அவன் இரண்டு தரம் போயும் பெயில். கை நல்ல கை, சத்தியமாக என்னுடையதைவிட நல்ல கை, ஒவ்வொரு சொல்லின் கடைசிக் கோட்டையும் கொஞ்சம் இழுத்து விடுவான், கேட்க அழகாக இருக்கும். ஆனால் பரீட்சை மேசையில் உட்கார்ந்தால் விரல் உதறும். பார்க்கப் பாவமாக இருந்தது. அலைவரிசையைத் தீர்மானிக்கிற கிறிஸ்டல் என்று ஒன்று உண்டு, நகம் அளவுப் பளிங்குத் துண்டு, கிடைக்கிறது மகா கஷ்டம். ஒரே அலைவரிசைக்கு என்னிடம் இரண்டு இருந்தன, ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். லைசன்ஸ் இல்லாதவனுக்கு அதைக் கொடுக்கக் கூடாது, எனக்குத் தெரியும், தெரிந்துதான் கொடுத்தேன். "பாஸ் பண்ணின அண்டைக்கு இதைப் போட்டு என்னைத்தான் முதல்ல கூப்பிடோணும்" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் சுபைதா அக்காவின் வீடு. நல்ல மனுசி. ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

"தம்பி, என்ட றேடியோவுல டிக்கு டிக்கெண்டு ஒரே சத்தம். பாட்டும் கேக்க ஏலாது, செய்தியும் கேக்க ஏலாது. உங்கட மெசின்தானே?"

என் செற் மற்றவர் ரேடியோவைக் கெடுக்கிறதென்றால் அதைச் சரிபண்ண வேண்டியது என் பொறுப்பு, இல்லாவிட்டால் லைசன்ஸ் போய்விடும். நானும் கனகுவும் இறங்கினோம். இரண்டு கிழமை, ஒருநாள் விடாமல், வேலை முடிந்து வந்து இருட்டும் வரைக்கும். துறைமுகத்து உப்புக்காற்று கம்பி மூட்டுகளைத் தின்றுவிடும், அதனால் கனகு ஏணி வைத்துக் கூரையில் ஏறி ஒவ்வொரு மூட்டாக அரத்தாளால் தேய்த்தான். கிணற்றடியில் புதிதாகச் செம்புக் கம்பி இறக்கி எர்த் கொடுத்தோம். துருப்பிடித்த தகரம்கூட இப்படிச் சத்தம் உண்டாக்கும் என்று சொல்லி மனைவி சமைக்கிற குசினிக் கூரையில் பாதியைக் கழற்றினான், அவள் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கம்பியையே கழற்றிவிட்டு அதற்குப் பதிலாக அறுபது வாட் பல்ப் ஒன்றைச் செற்றில் கொழுவி ஒவ்வொன்றாகச் சோதித்தோம். அப்படிச் செய்தால் சக்தி வெளியே போகாது, பல்ப்பில் வெளிச்சமாக எரிந்துவிடும், கீயைத் தட்டத் தட்ட பல்ப் மினுங்கும்.

அதிசயம் என்னவென்றால், கனகு என் பக்கத்தில் இருக்கிற நேரமெல்லாம் சுபைதா அக்காவின் ரேடியோ துப்பரவாக இருக்கும். அவன் வீட்டுக்குப் போய் அரைமணி நேரத்தில் அவர் வேலியோரம் வந்துவிடுவார். "அந்தத் தம்பி இருந்தாத்தான் அது வாய மூடுது, நீங்க வேலைக்குப் போன நேரத்துலயும் கத்துது" என்பார். நான் வேலைக்குப் போன நேரத்தில் என் செற் எப்படிக் கத்தும், அவருக்கு நேரம் பிசகுகிறது என்று நினைத்தேன். கனகுவுக்குக் கைராசி என்று வேறு சொன்னேன். வாயால் சொன்னேன், அவன் முகத்துக்கு நேரே. "உன்ட கைராசி மச்சான், நீ தொட்டா நிக்குது." அவன் அரத்தாளை மடித்துக்கொண்டே சிரித்தான்.

மூன்றாம் கிழமை கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். கையில் ஒரு பட்டியல். என் அழைப்புக் குறி, அதாவது வானொலியில் ஆளை அடையாளம் காட்டுகிற எழுத்துகள், என் அலைவரிசை, பதினொரு தடவை, நாளும் நேரமும் போட்டு இருந்தது. ஒலிபரப்புகிற ஒவ்வொரு தடவையையும் குறிப்புப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்பது சட்டம், என் புத்தகத்தைப் புரட்டினால் அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட இல்லை. மறைத்து அனுப்புகிறேன் என்றார். கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மறைத்து அனுப்புகிறவன் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்ததாகக் கேட்டார், உங்களிடம் இரண்டு கிறிஸ்டல் என்று பதிவு இருக்கிறது, மற்றது எங்கே.

கனகு அங்கேதான் நிற்கிறான், என் கதிரைக்குப் பின்னால்.

"துலைஞ்சு போச்சு சேர்" என்றேன். அவனைக் காப்பாற்றத்தான் சொன்னேன். அதை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். லைசன்ஸை வாங்கிக்கொண்டார், செற்றைக் கொண்டுபோகச் சொன்னார். செற் நல்ல பாரம். ஒரு பக்கம் டிரைவர் பிடிக்க மறுபக்கத்தைக் கனகு பிடித்தான். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தார்கள். பத்திரம், பத்திரம் என்று டிரைவருக்குச் சொன்னவனும் அவன்தான்.

மூன்று நாள் கழித்து, பின்னேரம், கனகு ஆறுதல் சொல்ல வந்தான். மனைவி பிளேன்ரீ ஊற்றி வைத்துவிட்டுச் சல்லி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். மேசையில் செற் இருந்த இடம் தூசிக்கு நடுவே சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் பலகையில் பூட்டிய அந்த அறுபது வாட் பல்ப், இரண்டு வயரும் எதிலும் படாமல் மேசையில் கிடந்தன. கூரைக் கம்பியையும் கழற்றிச் சுருட்டிவிட்டேன். இதையெல்லாம் ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்கப்போகிற கேள்வி எல்லாவற்றையும் நான் இந்த நாற்பது வருசமாக என்னையே கேட்டுவிட்டேன்.

கனகு எனக்கு எதிரே இருந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரிவரும் மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது பல்ப் மினுங்கியது.

முதலில் சூரிய வெளிச்சம் என்றுதான் நினைத்தேன். மறுபடி மினுங்கியது. புள்ளி, கோடு. பழக்கம் பாருங்கள், பயப்படுவதற்கு முதல் நான் பென்சிலை எடுத்துவிட்டேன், மணிக்கூட்டைப் பார்த்துவிட்டேன். வானொலி ஆட்கள் நாங்கள் கிறீனிச் என்கிற உலகப் பொது நேரத்துக்கு ஒரு மணிக்கூடு வைத்திருப்போம், அதில் பன்னிரண்டு பதினேழு, நம்முடைய நேரம் பின்னேரம் ஆறு மணிக்கு இன்னும் பதின்மூன்று நிமிசம். பல்ப் என் அழைப்புக் குறியை அனுப்பியது. அதற்குப் பிறகு, என் பெயர் சந்திரன், இடம் திருகோணமலை, என்று என் பெயரையே சொன்னது. ஆனால் கை என்னுடையது இல்லை. ஒவ்வொரு சொல்லின் கடைசிக் கோடும் இழுபட்டது. அது கனகுவின் கை. ஆள் எனக்கு முன்னால் இருக்கிறான், இரண்டு கையும் கோப்பையில், அவனுக்கும் மோர்ஸ் தெரியுமே, அவனும் வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.

நம்பினால் நம்புங்கள், அந்த நேரம் எனக்குப் பயம் வரவில்லை. ஏணி ஞாபகம் வந்தது. கைராசி ஞாபகம் வந்தது. அவன் இருக்கும்போது சத்தம் ஏன் நின்றது என்பது ஒரே கணத்தில் விளங்கியது. ஒருவன் இரண்டு இடத்தில் இருக்க ஏலாதே, என் வீட்டில் இருந்தால் அவன் வீட்டுச் செற்றை யார் தட்டுவது.

கனகு பாய்ந்து பல்ப்பைப் பலகையிலிருந்து பிடுங்கினான். சூடு. விரல் சுட்டுக் கீழே போட்டான், உடைந்தது.

"அலுமாரிக்குள்ள ஒரு சின்னச் செற் செஞ்சு வச்சிருந்தனான்" என்றான். "ரெண்டு தரம் பெயிலான எனக்கு ஆர் பதில் சொல்லுவாங்கள்? உன்ட பேரச் சொன்னா உடன பதில் வருது மச்சான்."

"ரெண்டு கிழமை என்னோட கூரையில நிண்டியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவமெண்டுதான்…"

"நான் உனக்காகப் பொய் சொல்லிக் கையெழுத்து வைக்கேக்க நீ என்ட கதிரைக்குப் பின்னால நிண்டனி. செற்றத் தூக்கி ஜீப்பில வச்சனி."

அவன் வாசல் வரைக்கும் பின்னாலேயே நகர்ந்தான். மன்னிச்சிரு என்றான். காலில் விழப் பார்த்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னதைச் சுபைதா அக்கா வேலிக்கு அங்கால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், வேண்டுமானால் அவரிடம் விசாரித்திருக்கலாம், இப்போது அவர் உயிரோடு இல்லை. நான் சொன்னது இதுதான்: "செத்தாலும் மன்னிக்க மாட்டன். இனி இந்த வாசல மிதிக்காத." அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தேன், கிறீனிச் மணிக்கூட்டில் பன்னிரண்டு முப்பத்தொன்று.

அடுத்த நாள் அவன் அறை காலி. அவன் செற்றைக் கடலில் போட்டான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். எனக்கும் காட்டிக்கொடுக்க வழியில்லை, கிறிஸ்டல் தொலைந்துபோனது என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான்தானே. லைசன்ஸ் திரும்பக் கிடைக்கவே இல்லை. துறைமுகத்தில் என்னைப் பார்த்ததும் கதையை நிறுத்துகிற ஆட்கள் இருந்தார்கள், அதோடுதான் மிச்சக் காலத்தை ஓட்டினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் பல்ப்புக்கு ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்து நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். நாலு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, வானொலியில் கதைத்த ஆளுக்கு, இன்ன நாள் இன்ன நேரம் உம்மோடு கதைத்தேன் என்று உறுதிசெய்து ஓர் அட்டை அனுப்ப வேண்டும். அனுப்பியவர் அந்த அவுஸ்திரேலியப் பண்ணைக்காரர். நாளைப் பார்த்தேன், பல்ப் எரிந்த அதே நாள். தொடங்கிய நேரம் பன்னிரண்டு பதினேழு. முடிந்த நேரம் பன்னிரண்டு முப்பத்தொன்று. செற் கொழும்பில், கம்பி சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே, கனகு என் கண்ணுக்கு முன்னால்.

அட்டையின் மூலையில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். முதலில் உங்கள் பெயரில் வேறு யாரோ தட்டுகிறார்கள் என்று கண்டுகொண்டேன், கொஞ்ச நேரத்தில் கீயை நீங்கள் வாங்கிவிட்டீர்கள், உங்கள் கையை எனக்குத் தெரியாதா. நண்பர் செய்ததை எல்லாம் சொன்னீர்கள், கேட்க வருத்தமாக இருந்தது. கடைசியில் அவரை மன்னித்துவிட்டேன் என்று அனுப்பினீர்களே, அது பெரிய மனசு. வழக்கம்போல மூன்று புள்ளியோடு விடைபெற்றீர்கள்.

நான் மன்னிக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை, அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட நான் விசாரித்ததில்லை. அந்தப் பதினாலு நிமிசமும் என் வலது கை எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதலில் பென்சிலைப் பிடித்திருந்தது, பிறகு கதவைப் பிடித்திருந்தது. என் லைசன்ஸைப் பறித்தவன் கனகு, அந்தக் கோபத்தைக்கூட எங்காவது கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம். நான் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன மன்னிப்பை என் கையே எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டதே, அதை யாரிடம் போய்ச் சொல்ல.

அட்டை அலுமாரியில் இருக்கிறது, வேண்டுமென்றால் காட்டுகிறேன். சும்மா கதிரையில் இருக்கும்போது இந்த விரல் கைப்பிடியில் எதையோ தட்டுகிறது என்று மனைவி சொல்லுவாள். நான் மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொள்வேன், என்ன தட்டுகிறது என்று இதுவரை ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை.