மந்திரக் கோணத்துக்குச் சுற்றிய டேப்

எங்கள் ஆய்வுக்கூடத்தின் பெரிய காந்தத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு நாங்கள் வைத்த பெயர் சி.ஐ.டி. தன் நிழல் பின்னால் வந்தாலும் நின்று விசாரிக்கிற ஆள். வீட்டைப் பூட்டித் தெருமுனைவரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "ஒருநாள் பூட்டு கையோட கழண்டு வரப்போகுது" என்பாராம் அவர் மனைவி.

கரையாமல் கட்டிப்போகும் புரதங்களின் வடிவத்தை அறிவதுதான் எங்கள் வேலை. புரதத்தைச் சுண்டுவிரல் நுனியளவு குழலில் அடைத்து, காந்தத்துக்குள் சாய்த்து வைத்து, பம்பரமாகச் சுழற்ற வேண்டும். அந்தச் சாய்வுக்கு மந்திரக் கோணம் என்று பெயர். அது சரியாக இருந்தால் திரையில் கூர்முனைகள் தனித்தனியாக எழும். மயிரிழை விலகினாலும் எல்லாம் கலந்து மொத்தையாகிவிடும். கோணத்தை மாற்றுவது அடியிலிருக்கும் சின்னத் திருகு. அதை யாரோ கள்ளத்தனமாகத் திருப்புகிறார்கள் என்று சி.ஐ.டி.க்குத் தீராத சந்தேகம். தரை துடைக்க வருபவர் மேலும் சந்தேகம், என் மேலும் சந்தேகம். ஒருநாள் கோணத்தைச் சரிபார்த்த கையோடு திருகின் மேல் டேப்பை இழுத்து இறுக்கிச் சுற்றினார்.

"இனிமே எவன் கை வைக்கிறான்னு பாத்துடறேன்."

மறுநாள் புரதக்காரி வந்தாள். ஒரு வருடம் பாடுபட்டு அந்த ஆராய்ச்சிப் பெண் சேர்த்தது ஒரு சிட்டிகைப் புரதம். குழல் சுழன்றது. திரையில் மொத்தைதான் வந்தது.

"சாம்பிளை வெளிய வெச்சிட்டியாம்மா?"

"ஐஸ்லயேதான் இருந்துச்சுண்ணே. கோணத்தை ஒருதரம் பாத்துடலாமா?"

"டேப் போட்டிருக்கேன், பிரியவே இல்ல. கோணத்துல என்ன வந்துச்சு?"

அதோடு விட்டாரா? ஆய்வுக்கூடத் தலைவரிடம் போய், அவள் முன்பு காட்டிய படங்களே நிஜந்தானா என்று பார்க்கச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல படம் வராவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றார் தலைவர். அவள் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, கோணத்தைச் சோதிக்கவென்றே வைத்திருக்கும் உப்பு அடைத்த குழலை நீட்டினாள்.

"என்னைத்தான் நம்ப மாட்டீங்க. உப்பையாவது நம்புவீங்கல்ல?"

உப்பும் மொத்தையாகவே வந்தது.

சி.ஐ.டி. குனிந்து டேப்பைத் தொட்டுப் பார்த்தார். பிரித்த தடமே இல்லை. மறுபடி சுற்றுவதுபோல் விரலால் லேசாக இழுத்தார். டேப்போடு சேர்ந்து திருகும் திரும்பியது. வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

நிமிர்ந்து நேரே தலைவர் அறைக்குப் போனார். "கெட்டது அவங்க புரதமில்ல சார். என் கைதான்."

கோணத்தைத் திருத்தி அவள் குழலைச் சுழற்றியபோது திரை நிறையக் கூர்முனைகள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். வேலை முடிந்ததும் குழலைப் பெட்டியில் வைக்க சி.ஐ.டி. வழக்கம்போல் கை நீட்டினார். அவள் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"நானே வெச்சுக்கறேண்ணே."

அவர் முகம் செத்துப்போனது. நீட்டிய கையை மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, "வெச்சுக்கம்மா" என்றார்.