தவசிமுத்து அர்த்தம் கேட்ட பாட்டு

பஞ்சு லாரி டிரைவர் கொடுத்த கேசட்டில் அந்த ஒரு பாட்டைத்தான் தவசிமுத்து திரும்பத் திரும்பப் போட்டான். தடதடவென்று டிரம்மு, தொண்டை கிழியக் கத்தும் வெள்ளைக்காரன். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாத மனுசனுக்கு இதில் என்ன கிடக்கிறது என்று அவன் பெண்டாட்டி பரிபூரணத்துக்கு உறுத்தியது.

எண்பத்தொன்பதாம் வருசம். அவள் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூல் சுற்றினாள். புருசன் அதே மில் குடோனில் பஞ்சுப் பொதி இறக்கும் நாலு பேரில் ஒருவன். இரண்டு மாதமாக அவன் போக்கே சரியில்லை. குளிக்கக் கிணற்றுக்குப் போனான். சட்டையைக் கழற்றாமல் படுத்தான். தொட்டால் விலகினான்.

துவைக்கப் போட்ட சட்டைப்பையில் ஒரு தாள் அகப்பட்டது. குண்டு குண்டான பொம்பளை எழுத்து. ‘இத்தனை வருசம் சுமந்தது போதும். பாலத்தடியில் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு நடக்கிறேன். என்னைத் தேடாதே.’ கீழே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கேசட் கடை ஒன்றின் முத்திரை.

எவளையோ வைத்து அவன் எழுதி வாங்கிய கடிதம், சுமை என்றது தன்னைத்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருசம், பிள்ளை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கடையில் இருந்தவள் ஜெயபாய், கடைக்காரரின் மகள். தாளைக் காட்டியதும், உங்க வீட்டுக்காரர் ஒரு இங்கிலீஷ் பாட்டுக்கு அர்த்தம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன் என்றாள். பரிபூரணம் நம்பவில்லை. எம்புட்டு நேரம் ஆச்சு, பக்கத்தில் உட்கார்ந்தாரா என்று துருவினாள்.

“எங்க உக்காந்தாரு அக்கா? ஸ்டூலைப் போட்டேன், வேண்டாம்னுட்டாரு. மேசையைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. வேர்த்து ஊத்துது. கீழ விழுந்த பேனாவக்கூட நான்தான் எடுத்தேன்.”

வீட்டிலும் கொஞ்ச நாளாக அவன் சுவரில் சாய்ந்து நின்றபடிதான் சாப்பிடுகிறான் என்பது பஸ்ஸில்தான் அவளுக்கு உறைத்தது.

வந்ததும் ஒன்றும் கேட்காமல் அவன் சட்டையைத் தூக்கினாள். முதுகில், இடுப்புக்கு மேலே, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி வீங்கியிருந்தது.

குடோனில் பொதி தூக்க ‘ஏலல’, முடியவில்லை என்று முதலில் சொல்பவன் இடத்தில் மறுநாள் வேறு ஆள் நிற்பான். அதுதான் அங்கே வழக்கம்.

“அந்தப் பாட்டுக்காரன் ஏலலன்னு ஊருக்கே கேக்கக் கத்துதான். நான் எங்க போயிக் கத்த?”

“எங்கிட்டச் சொன்னா என்ன?”

“உனக்குத் தெரிஞ்சா மில்லுக்கே தெரிஞ்ச மாதிரிதானட்டி.”

தான் சந்தேகப்பட்டதைவிட அவன் சந்தேகம்தான் அவளைச் சுட்டது. தூக்கிய சட்டையை இறக்கிவிட்டாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“லீவுக்கு என்னன்னு சொல்ல?”

“எனக்கு வயித்துவலின்னு நான் சொல்லிக்கிடுதேன். நீங்க துணைக்கு வாறிய, அம்புட்டுதான்.”