மரியரட்ணம் வந்தால் தோல்வி

குருநகரில் புனித யாகப்பரை நம்பாத ஆள்கூட ஒன்றிரண்டு கிடைக்கலாம். மரியரட்ணம் அண்ணை பார்க்க வந்தால் எங்கள் உதைபந்தாட்டக் கழகம் தோற்கும் என்பதை நம்பாத ஆள் கிடையாது.

அண்ணை என் மனைவியின் அக்கா புருஷன். நண்டு வியாபாரி. நான் எட்வேர்ட், வட்டுக்கோட்டை ஆள், அமெரிக்க மிஷன் சபைக்காரன். இந்த மாதிரி விஷயங்களை நம்பக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். ஆனால் நான் கலியாணம் முடித்து வந்த பதினெட்டு வருடத்தில் அவர் பார்த்த பதினொரு போட்டியிலும் தோல்வி என்றால் நான் என்ன செய்ய? ஒருமுறை வீட்டிலிருந்து தொலைபேசியில் ஸ்கோர் கேட்டார். கேட்ட அடுத்த நிமிடம் எங்கள் பெடியன் ஒருத்தனே எங்கள் கோலுக்குள் அடித்தான். அன்றிலிருந்து தொலைபேசிக்கும் தடை. கிண்ணம் வென்ற ஒரேயொரு வருடம் அவர் நண்டு வாங்க மன்னாருக்குப் போயிருந்தார். கழகச் செயலாளர் கிறிஸ்துநாயகம் அதையும் ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டார்.

எல்லாம் ஊர்ப் பகிடி. அண்ணையும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் திரிந்தார். அவருடைய மகள் நிரோஜா பெண்கள் அணிக்குக் கோல்கீப்பராகிய பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. பின்வளவில் பந்து உதைத்து அவளைப் பழக்கியதே அவர்தான். ஆனால் மூன்று வருடமாக அவள் விளையாடிய ஒரு போட்டியையும் அவர் பார்த்ததில்லை.

போன ஆவணியில் பெண்கள் இறுதிப்போட்டி வந்தது. பண்டத்தரிப்புப் பக்கத்து மைதானம், மூன்று மணி. அண்ணை இரண்டு நாள் முன்னதாகவே வந்து, என் அல்டோ காரில் கூட்டிப்போகச் சொன்னார். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், பிள்ளை விளையாடுவதை ஒருக்கா என்றாலும் பார்க்க வேண்டும் என்றார். ஓம் என்றேன். அன்று பின்னேரமே நிரோஜா தொலைபேசி எடுத்தாள்.

“சித்தப்பா, அப்பாவைச் சுத்திக் கூட்டிக்கொண்டு வாங்கோ. மட்ச் முடிஞ்ச பிறகு வந்தால் காணும். நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

அதற்கும் ஓம் என்றேன். ஒரே வாயால் இரண்டு பக்கமும் ஓம் சொன்னவனுக்கு மிஞ்சியது சரித்திரம்தான்.

ஒரு மணிக்குக் கிளம்பினோம். நேரே போனால் முக்கால் மணித்தியாலம் காணும். முதலில் கோட்டையில் நிறுத்தினேன். முப்பது வருடமாகத் தினமும் அந்த மதிலைச் சைக்கிளில் கடந்து போகிற மனிதருக்கு ஒல்லாந்தரின் கட்டடக்கலையை இருபத்தைந்து நிமிடம் விளக்கினேன். எனக்குத் தெரிந்தது ஐந்து நிமிடத்துக்குத்தான். மிச்சத்தை அகழியைக் காட்டி ஒப்பேற்றினேன். பிறகு நாவாந்துறைக் கரையால் வந்து, அராலிப் பாலத்தில் காரை ஓரங்கட்டி, பழைய காலத்தில் இந்தக் கரைவழியால் யார் யார் போயிருப்பார்கள் என்று யோசிக்கச் சொன்னேன். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் போயிருப்பார்கள் என்றார்.

வட்டுக்கோட்டையில் எங்கள் பழைய தேவாலய வளவுக்குள் இறக்கி, கல்லறைகளில் செதுக்கியிருந்த இங்கிலீசை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினேன். விளங்காத இடத்தில் என் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன். அங்கே கிடப்பவர்கள் என்னை மன்னிப்பார்கள். வயல் ஒழுங்கைகளால் வளைந்து வளைந்து, போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயம் ஒன்று இடிந்து நிற்கிற சங்கானைக்கு வந்தபோது மணி மூன்று பத்து. விட்டு அடித்தால் கால் மணித்தியாலத்தில் மைதானம். அண்ணை காரை விட்டு இறங்கவில்லை.

“உவங்கள் கழகக்காரரே உன்னை இப்பிடிச் சுத்தச் சொன்னவங்கள்?” என்று கேட்டார்.

ஓம் என்றிருக்கலாம். கிறிஸ்துநாயகத்தின் தலையில் போட்டால் அவர் தாங்குவார். ஆனால் கூரை இல்லாவிட்டாலும் அது தேவாலயம். எனக்குப் பொய் வரவில்லை. நிரோஜா என்றேன்.

அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு என்மீதே எரிச்சல் வந்தது. பதினொரு தோல்விக்கும் ஊர் சொன்னதையெல்லாம் தாங்கியவரால் இதைத் தாங்க முடியவில்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கினார்.

“சரி, வடிவாச் சுத்திக் காட்டு. ஒரு கல்லையும் மிச்சம் விடாதை.”

அதற்குப் பிறகு காரை நிறுத்தச் சொன்னது முழுக்க அவர்தான். ஒரு பழைய கேணி, ஒரு சுமைதாங்கிக் கல், ஆளில்லாத ஒரு நாற்சார் வீடு, எல்லாவற்றுக்கும் இறங்கினார். கடைசியாக ஒரு தண்ணீர்த் தாங்கி. அதில் இரண்டாயிரத்துப் பதினாறு என்று எழுதியிருந்தது. அதற்கும் இறங்கினார்.

மைதானத்துக்குப் போய்ச் சேர நாலே முக்கால். வாசலில் நின்ற ஐஸ்கிறீம்காரர் நாலுக்குப் பூச்சியம் என்றார். பூச்சியம் எங்களுக்கு.

அண்ணைக்கு அது விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நடந்தார். தோற்ற பக்கத்தில் அத்தனை சந்தோஷமான முகத்தை நான் கண்டதில்லை. எட்டி எட்டிக் கிறிஸ்துநாயகத்தைத் தேடினார். இத்தனை வருடப் பழி இன்றோடு போகப்போகிறது என்று எனக்கும் சந்தோஷம். சாட்சி சொல்ல ஆயத்தமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு பின்னால் போனேன்.

செயலாளர் எங்களைக் கண்டு வருவதற்குள் நிரோஜா கண்டுவிட்டாள். கோல் கம்பத்தடியில் கையுறைகூடக் கழற்றாமல் இருந்து அழுதுகொண்டிருந்தவள் எழும்பி வந்தாள். அப்பா எப்போது வந்தவர் என்பதுதான் முதல் கேள்வி. நான் முந்திக்கொண்டு, இப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகுதான் என்றேன்.

“அப்ப நாலும் நான் விட்டதுதானோ?” என்றாள்.

அண்ணை, பக்கத்தில் வந்து நின்ற கிறிஸ்துநாயகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“இவன் பொய் சொல்லுறான், பிள்ளை. முதல் விசிலுக்கே வந்திட்டம். மதிலுக்கு அங்காலை நிண்டு நாலையும் பாத்தனான்.”

பொய்க்காரன் பட்டத்தை நான் வாங்கிக்கொண்டேன். நிரோஜாவுக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது. தகப்பன் என்றும் பாராமல் திட்டத் தொடங்கினாள். கிறிஸ்துநாயகமும் சேர்ந்துகொண்டு, அடுத்தமுறை இந்த மனிதரை நெடுந்தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மட்ச் தொடங்க வேண்டும் என்றார். அண்ணை எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு, அவளுடைய கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.