பதினோராவது அலசல்

குப்பி கழுவுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்பவர்களிடம் அவர் வாதாட மாட்டார். கேட்ட ஆளை மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். நரம்புச் செல்களைத் தட்டில் வளர்க்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடி கழுவுகிறவர். அந்தச் செல்கள் குடித்து வளர்கிற திரவம் அவர் கழுவிய குப்பியில்தான் நிற்கும்.

சோப்பு போட்டுத் தேய்த்துப் பத்துத் தண்ணீரில் அலச வேண்டும் என்பது விதி. அவர் எண்ணுவதில்லை. வலது கட்டைவிரலைக் குப்பியின் உள்கழுத்தில் ஒரு சுற்று ஓட்டுவார். வழுக்கினால் சோப்பு இருக்கிறது, பிடித்தால் போய்விட்டது. சில குப்பிக்கு எட்டுத் தண்ணீர், சிலதுக்குப் பதின்மூன்று. அதனால் அங்கே அவருக்குப் பெயரே கட்டைவிரல்.

மூன்றரை மாதத்துக்கு முன் தொட்டியில் ஒரு குப்பி கைக்குள்ளேயே உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. அறுந்த நரம்பை மருத்துவர் தைத்தார்.

"தச்சது நான். வளர வேண்டியது அது. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு. மணிக்கட்டுலேர்ந்து விரலுக்கு லேசா தட்டிக்கிட்டே வாங்க. எங்க சுர்ருங்குதோ, அதுவரைக்கும் வந்திருக்குன்னு அர்த்தம்."

அவர் வாரம் ஒருமுறை தட்டிப் பார்த்து, சுர்ரென்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார். கோடு உள்ளங்கைக்குள் வந்திருந்தது. கட்டைவிரல் மரக்கட்டைதான். ஆனால் பத்து வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, "உணர்ச்சி வந்துடுச்சா?" என்று கேட்டவர்களிடம், "வராம எங்க போகும்" என்றுவிட்டார். கையை நம்பிப் பிழைக்கிறவன் கை செத்துக் கிடக்கிறது என்று தானே போய்ச் சொல்வானா?

அதற்கப்புறம்தான் அங்கே வேலை செய்யும் ஆராய்ச்சிப் பெண் ஒருத்தியின் தட்டுகளில் செல்கள் சாக ஆரம்பித்தன. ஒன்றல்ல, அடுத்தடுத்து மூன்று தடவை. அவள் சத்தம் போடுகிற ஆளில்லை. உருப்பெருக்கியின் முன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, இதைப் பாருங்க. இது நாலு மாசம் முன்னாடி எடுத்த படம்."

திரையில் மெல்லிய இழை ஒன்று நுனியை விரல் மாதிரி விரித்துத் துழாவிக்கொண்டு நீண்டது. அதற்குள்ளே மின்னும் புள்ளிகள் வரிசையாக நுனியை நோக்கி ஓடின.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே. என்னம்மா அது?"

"குமிழி. செல்லோட தோல் ஒரு எண்ணெய்ப் படலம்ணே. நரம்பு நீளணும்னா நுனியில புதுத் தோல் சேரணும். செல்லுக்குள்ள செஞ்ச தோலைக் குட்டிக் குமிழியாக்கி நுனிக்கு அனுப்புது. அங்க போய் ஒட்டித் திறந்துக்குது. அந்த அளவுக்குத் தோல் கூடும், நரம்பு நீளும். அப்படியே போய்ப் பக்கத்து நரம்பைத் தொட்டாத்தான் இணைப்பு."

"சரக்கு போய்ச் சேரலைன்னா?"

"நின்னுடும். சுருங்கிடும். இப்ப என் தட்டுல நடக்கிறது அதான். எங்க தப்பு விடுறேன்னே தெரியல. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு தட்டாவது வளரலைன்னா வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க."

அவர் தன் உள்ளங்கைக் கோட்டைப் பார்த்துக்கொண்டார். தன் கைக்குள்ளும் இந்தச் சரக்குதான் ஊர்கிறது போலும். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு முதுகுப் பிடிப்பு. பாத்திரம் அவர் கழுவினார். மனைவி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் துப்பினாள்.

"என்னங்க, டம்ளரைக் கழுவினீங்களா, சோப்பு போட்டுக் குளிப்பாட்டி அப்படியே விட்டுட்டீங்களா? இந்தக் கையை நம்பித்தான் அங்க ஆராய்ச்சி நடக்குதாக்கும்."

அவர் டம்ளரை வாங்கி வலது கட்டைவிரலை உள்ளே ஓட்டினார். வழுக்கவில்லை. இடது விரலை ஓட்டினார். வழவழவென்று போனது.

அடுப்பங்கரையில் அப்படியே நின்றார். மரத்த விரலுக்கு வழுக்கலும் தெரியாது, பிடிப்பும் தெரியாது. வழுக்கல் தெரியாததையே பிடிப்பு என்று எண்ணி, இத்தனை நாளும் நாலாம் தண்ணீரிலேயே குப்பிகளைக் கவிழ்த்திருக்கிறார். செல்லின் தோல் எண்ணெய்ப் படலம் என்றாளே அந்தப் பெண். சோப்புக்கு எண்ணெயைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியுமா?

"சொன்னா வேலை போயிடும்" என்றார்.

மனைவி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "சொல்லலைன்னா அந்தப் பொண்ணுக்குப் போயிடும்" என்றாள்.

மறுநாள் காலை ஆராய்ச்சிப் பெண் கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். முழுதையும் சொன்னார், கை சரியாகிவிட்டதென்று புளுகியது உட்பட. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தாள்.

"அஞ்சு வாரம்ணே" என்றாள். "என் கையில ஏதோ கோளாறுன்னு நெனச்சு அஞ்சு வாரமா நான் தூங்கல."



அவர் போன வாரம் கழுவி வைத்த குப்பி ஒன்று, அவளே கழுவியது ஒன்று. இரண்டிலும் திரவம் ஊற்றி இரண்டு தட்டு வைத்தாள். ஐந்தாம் நாள் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். முதல் தட்டில் செல்கள் சுருண்டு கிடந்தன. இரண்டாவதில் இழைகள் ஒன்றையொன்று எட்டிப் பிடித்திருந்தன. மாதம் முடிய நான்கு நாள் பாக்கி. அவள் வேலை தப்பியது.

அவர் வேலையும் போகவில்லை. மேலதிகாரிக்கு என்ன எழுதினாளோ, அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தொட்டிக்கு மேல் ஒரு தாள் ஒட்டப்பட்டது. குப்பிக்குப் பத்துக் கட்டம், அலசலுக்கு ஒரு டிக். பொருள் அறைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா கட்டைவிரலு, ஒண்ணாங் கிளாஸ்ல திரும்பச் சேர்ந்துட்டியா?" என்றார். அவர் சிரிக்கவில்லை. ஏழு, எட்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினால் கணக்கு விட்டுப்போகும்.

பத்தாவது டிக் போட்டுக் குப்பிகளை டிரேயில் அடுக்கிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, "சரிங்கண்ணே" என்றாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. நேரே பக்கத்துக் குழாயடிக்குப் போய், ஒவ்வொரு குப்பியையும் இன்னொரு முறை அலசினாள்.

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். குழாய்ச் சத்தம் நிற்கவில்லை. இடது கையால் வலது உள்ளங்கையைத் தட்டிப் பார்த்தார். போன வாரக் கோட்டைத் தாண்டி, ஒரு அரிசி அகலத்துக்கு அந்தப் பக்கம் சுர்ரென்றது. கட்டைவிரலின் நுனிக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது.