பால் டின்னில் எழுதியிருந்த எடை

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன். இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

கேக் செய்தவர் பக்கத்து வீட்டுப் புஷ்பம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, கேக் சுடும் சின்ன மின்னடுப்பு ஒன்று வாங்கி வைத்துத் தொடங்கியிருக்கும் தொழில். எங்கள் ஊரான கந்தப்பளையில் டீச்சர் ஒருவர் மகளின் பிறந்தநாளுக்குக் கேட்டிருந்தார். நன்றாக வந்தால் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கும் புஷ்பம்தான் என்று சொல்லியுமிருந்தார். விளையாட்டா?

வெள்ளிக்கிழமை பார்த்து புஷ்பத்தின் தராசின் பேட்டரி தீர்ந்துபோனது. அந்தச் சின்ன வட்ட பேட்டரி எங்கள் கடைத்தெருவில் இல்லை. நுவரெலியாவுக்கு பஸ் ஏற மழை விடவில்லை.

"அண்ணே, ஒரு சுண்டு எத்தன கிராமுங்க?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

சுண்டு என்பது எங்கள் வீடுகளில் அரிசியும் மாவும் அளக்கிற, கெட்டிப் பால் வந்த காலி டின். என்னிடம் போய் இதைக் கேட்கலாமா? நாலு சுண்டு ஒரு கொத்து என்று தொடங்கி, தோட்டத்தில் அரிசி அளந்து கொடுத்த காலம் வரைக்கும் போய்விட்டேன். பாவம், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர் தலையாட்டிக்கொண்டே நின்றார். கடைசியில்தான் விடைக்கு வந்தேன். அதே அளவில் பிரிக்காத டின் ஒன்று என் வீட்டில் இருந்தது. லேபிளைப் பார்த்தேன். ஐந்நூற்றுப் பத்து கிராம்.

"அரைக் கிலோன்னு வச்சிக்கங்க. எதப் போட்டாலும் அதான்."

எதைப் போட்டாலும்...!

லேபிளில் இருந்தது பாலின் எடை. கெட்டிப் பால் கனமானது. அதே டின்னில் மாவை நிரப்பினால் அதில் பாதிகூடத் தேறாது, சீனியும் குறையும். புஷ்பத்தின் கணக்கில் பட்டர், சீனி, மா மூன்றும் தலா அரைக் கிலோ. பட்டர் கடையிலேயே நிறுத்து வந்தது. மற்ற இரண்டும் என் சொல்லை நம்பி ஆளுக்கொரு சுண்டு விழுந்தன.

பிறந்தநாள் வீட்டில் மூடியைத் திறந்தபோது கேக் நடுவில் குழி விழுந்து, எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. "பட்டருக்குள்ள கொஞ்சம் கேக்கும் போட்டிருக்காங்க போல" என்றார் டீச்சரின் தம்பி. வீடே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அளவு மாறிவிட்டதா என்று மெதுவாகக் கேட்டார்.

நான் இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்திருந்தேன். புஷ்பம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் தப்புதாங்க டீச்சர். தராசு வேல செய்யல, கண்ணளவுல போட்டுட்டேன்."

கண்ணளவா? அது என் அளவு. ஊருக்கே தெரியும் — கோயில் விழாவில் கோயில் மணி வந்த ஆண்டைத் தப்பாகச் சொன்னவரை மேடைக்குப் பின்னால் வரை துரத்திப்போய்த் திருத்தியவன் நான். பிறந்தநாள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. திறந்தது இன்னொரு துண்டு கேட்கத்தான். தின்று தீர்த்துவிட்டால் தப்பும் தீர்ந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

திரும்பி நடக்கும்போது, என் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்றேன் புஷ்பத்திடம்.

"சொல்லி என்னங்கண்ணே? கேக் எந்திரிச்சிருமா?"

மறுநாள் காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "இத நேத்து சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான். பரிசளிப்பு விழாவைப் பற்றி நான் கேட்டதற்கு, முதலில் சின்னதாக ஒன்று செய்து கொண்டுவரட்டும், பார்ப்போம் என்றார். கைக்கு எட்டியிருந்த ஒன்றைப் 'பார்ப்போம்' ஆக்கிவிட்டேன்.

விபரம் தெரிந்தவர் என்று என் மேலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. நானும்தான்.

அப்படியே பஸ் ஏறி, நுவரெலியாவில் பேட்டரி வாங்கிவந்து வேலிக்கு மேலால் நீட்டினேன். புஷ்பம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எம்புட்டு நாளைக்கு வருங்கண்ணே?"

பேட்டரியின் அட்டையில் ஏதோ எண் இருந்தது. படிக்கப்போன கண்ணை இழுத்துக்கொண்டேன்.

"தெரியலங்க."